பேரூராட்சி மன்றத் தீர்மானத்தால் தேர்வு முறை மாறுமா?

கேள்வியைப் பலரும் "பேரூராட்சிக்குத் தேர்வில் என்ன வேலை?" என்று படித்துவிட்டுப் பதில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது அது இல்லை என்று நினைக்கிறேன். குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பேரூராட்சி. அங்குள்ள கல்லூரி மாணவர்கள் சேர்ந்து கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். திருத்திய விடைத்தாளின் நகல் வேண்டும், மறுமதிப்பீட்டு முடிவு அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாளுக்கு முன்பே வர வேண்டும், வினாத்தாளின் தமிழ் மொழிபெயர்ப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், தேர்வு நாளில் காலைப் பேருந்து நேரத்துக்கு வர வேண்டும் என்று நான்கு கோரிக்கைகள். தலைவர் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன் என்கிறார். செயல் அலுவலர் இழுக்கிறார். அந்தத் தீர்மானத்துக்கு ஏதாவது பலம் உண்டா, அல்லது போட்டோ எடுத்துப் போட மட்டும்தான் உதவுமா என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் இந்த மாவட்டத்துப் பேரூராட்சி அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து செயல் அலுவலராக ஓய்வு பெற்றேன். வழக்கறிஞர் அல்ல. மன்றக் கூட்டம், தீர்மானம், தபால், கோப்பு பற்றிச் சொல்வதை என் அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத் தீர்ப்புகள் பற்றிச் சொல்வதை வைத்து வழக்குப் போட நினைத்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு நகருங்கள்.

சட்டப்படி அந்தத் தீர்மானம் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. இதில் சந்தேகமே வேண்டாம். பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் உருவான அமைப்பு. தேர்வு விதிகளை மாற்றுவது அதன் சிண்டிகேட் (ஆட்சிக் குழு), கல்விக் குழு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோரின் எல்லைக்குள் வரும். பேரூராட்சி இருக்கட்டும், மாநில அரசே அந்த எல்லையில் முட்டிக்கொண்டிருக்கிறது. 2020 கொரோனா சமயத்தில் அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாரும் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும், ஊரெல்லாம் பேனர் வைத்தார்கள். தேர்வே நடத்தாமல் அப்படிச் செய்வதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறுதியாண்டுத் தேர்வைத் தள்ளிவைக்க மாநிலங்கள் கேட்கலாம், தேர்வே இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது என்று 2020 ஆகஸ்ட் 28 அன்றே உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. 2024 ஜூன் 28-ல் நீட் விலக்கு கேட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் ஒன்றிய அரசுக்கு வைத்த வேண்டுகோள்தான். சட்டமன்றத்துக்கே அவ்வளவுதான் என்றால், பதினைந்து வார்டு உறுப்பினர்கள் கூடிப் போடும் தீர்மானம் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். அலுவலக நடைமுறையில் இரண்டு வகைத் தபால் உண்டு. "மாணவர்கள் சார்பாக" என்று வரும் மனு ஒரு வகை. அது மேசைக்கு மேசை நகர்ந்து எங்காவது படுத்துவிடும். ஓர் அரசு அமைப்பிலிருந்து ந.க. எண் (கோப்பு எண்), தேதி, தீர்மான எண்ணுடன் வரும் கடிதம் இன்னொரு வகை. அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், யாராவது ஒருவர் குறிப்பு எழுத வேண்டும், ஒரு பதிலாவது போட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லவில்லை. அலுவலகத்தின் பழக்கம் அப்படி. பதில் போடாவிட்டால் நினைவூட்டுக் கடிதம் வரும், நினைவூட்டு இரண்டு, நினைவூட்டு மூன்று என்று கோப்பு பருத்துக்கொண்டே போகும். பருத்த கோப்பை எந்த அலுவலரும் விரும்புவதில்லை.

செயல் அலுவலர் ஏன் இழுக்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் இழுத்திருக்கிறேன். அவருக்கு இரண்டு பயம். இது நம் அதிகாரத்துக்குள் வருமா என்பது ஒன்று. அதற்குப் பதில் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 74-வது திருத்தத்தோடு சேர்ந்த 12-வது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென 18 பொருள்கள் உண்டு. அதில் 13-வது, பண்பாடு, கல்வி, அழகியல் சார்ந்தவற்றை வளர்ப்பது. தேர்வு நடத்தும் அதிகாரம் அதிலிருந்து வராது. ஊர்ப் பிள்ளைகளின் கல்விக் குறையைச் சொல்ல ஒரு காலடி இடம் அதில் நிச்சயம் இருக்கிறது. இரண்டாவது பயம் தணிக்கை. போராட்டத்துக்குப் பந்தல், மைக், வேன் என்று பொது நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் தடை எழுதிவிடுவார்கள், கடைசியில் அது அவர் தலையில் விழும். அதனால் தீர்மானத்தின் கடைசியில் "இதனால் பேரூராட்சிக்குச் செலவினம் ஏதுமில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும். அதிகாரத்தை மீறிய தீர்மானத்தை ரத்து செய்ய அரசுக்கு வழி உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு வேண்டுகோளை ரத்து செய்யக் கோப்பு போட்டதை என் காலத்தில் நான் பார்த்ததில்லை.

யாரோ ஒருவர் "கிராம சபையில் போடுங்கள்" என்று யோசனை சொல்லியிருந்தார். வேறு மாவட்டத்துக்காரராக இருப்பார். 2022 நிலவரப்படி நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95, பேரூராட்சிகளே 51. 2011 கணக்குப்படி நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புற எல்லைக்குள் இருக்கிறோம். தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் சுற்றிக் கிடந்தாலும் காகிதத்தில் அது நகரம்தான். கிராம சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் நீங்கள் பேச முடியாது, உறுப்பினர்தான் பேச வேண்டும். ஆகவே, உங்களுக்காகப் பொருளைக் கொண்டுவர ஓர் உறுப்பினர் வேண்டும். முடிந்தால் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இருவர். தலைவர் மட்டும் கொண்டுவந்தால் எதிர்த்தரப்பு அதைத் தலைவரின் விளம்பரமாகத்தான் பார்க்கும். கூட்ட அறிவிப்பு போவதற்கு முன்பே பொருள் நிரலில் ஏறிவிட வேண்டும். "மேசைப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். கடைசி நிமிடத்தில் வைப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். டீ வந்ததும் "அனைத்தும் அங்கீகரிக்கப்பட்டது" என்று முடிந்துவிடும்.

இனி, நான் நேரில் பார்த்த இரண்டு தீர்மானங்கள். முதலாவது மேற்குப் பக்கம் ஒரு பேரூராட்சியில். மாணவர்கள் பதினோரு கோரிக்கைகளோடு வந்தார்கள், விடுதிச் சாப்பாடு முதல் தேர்வுக் கட்டணம் வரை எல்லாம் அதில் இருந்தது. மன்றம் கைதட்டி ஏற்றது. "மாணவர்களின் நியாயமான கோரிக்கைகளுக்கு இம்மன்றம் முழு ஆதரவு தெரிவிக்கிறது" என்பதுதான் தீர்மானம். முகப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: கடிதம் பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது. எங்கள் தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "நாம ஆதரவு தெரிவிச்சோம், அவங்க பெற்றுக்கிட்டாங்க, கணக்கு சரியாப் போச்சு" என்றார். அவர் கிண்டலில் நியாயம் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, மலையோர வார்டு உள்ள ஒரு பேரூராட்சியில். அங்கே பிரச்சினை பேருந்து. காலை 7.10 வண்டியைப் பிடித்தால்தான் நாகர்கோவிலில் பத்து மணித் தேர்வுக்குப் போக முடியும். அது வராவிட்டால் அடுத்த வண்டி பிந்தித்தான் வரும், பரீட்சை ஹாலில் அரை மணி நேரம் போய்விடும். ஒரு மாணவி நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பதினான்கு நாள் அந்த நிறுத்தத்தில் நின்று பென்சிலில் குறித்திருந்தாள். திங்கள் 7.10, வந்தது 7.35. செவ்வாய், வரவில்லை. புதன் 7.12. வியாழன், வரவில்லை, மழை. பக்கத்திலேயே அன்று தேர்வு இருந்தவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இரண்டு மூன்று இருந்தது, நான் திருத்தவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தீர்மானத்தோடு இணைத்து, தேர்வு அட்டவணையையும் சேர்த்துப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு அனுப்பினோம். அந்த வாரத்திலேயே கிளை மேலாளர் போனில் கூப்பிட்டு, "அந்த நோட்டு எழுதினது யாரு சார்?" என்று கேட்டார். கோபப்படுகிறாரோ என்று நினைத்தேன். தேர்வு நாட்களில் அந்த நடையை 6.50-க்கு எடுக்கிறோம் என்றார், எடுத்தார்கள். அந்தப் பதினொன்றும் ஆகாமல் இந்த ஒன்று ஆனதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கண்ணோடு உங்கள் நான்கு கோரிக்கைகளைப் பார்ப்போம். விடைத்தாள் நகல் கேட்பதுதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான துருப்பு. 2011-ல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திருத்தியவரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, விதிப்படி தாளைப் பாதுகாக்கும் காலம் வரைதான் இந்த உரிமை என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் முடிவு வந்த வாரமே மனு போடுங்கள், பிந்தினால் தாள் எடைக்குப் போயிருக்கும். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். நகலுக்குத் தனிக் கட்டணம் என்று ஓர் அமைப்பு தன் விதியில் வைத்திருந்தாலும், தகவல் உரிமை வழியாகக் கேட்பவரிடம் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2019-ல் கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இதை எல்லாத் தேர்வுக்கும் நீட்ட முடியாது. குடிமைப் பணித் தேர்வு மதிப்பெண் விவரங்களை அப்படியே இயந்திரத்தனமாகக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று 2018-ல் வேறொரு தீர்ப்பு இருக்கிறது. கல்லூரி செமஸ்டர் தாளுக்கு 2011 தீர்ப்பே போதும் என்பது என் கருத்து. வேலைவாய்ப்புத் தேர்வு என்றால் அங்கே இடறலாம்.

மறுமதிப்பீட்டில் நிலைமை தலைகீழ். விதியில் இடம் இருந்தால்தான் மறுமதிப்பீடு, அது பிறப்புரிமை இல்லை என்று 1984-லேயே மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. 2017-ல் ரண் விஜய் சிங் வழக்கிலும், விடைத்தாளை நீதிமன்றம் உட்கார்ந்து திருத்தாது, சந்தேகம் இருந்தால் தேர்வு நடத்துபவர் பக்கமே நிற்கும் என்றார்கள். அதனால் "மதிப்பெண்ணைச் சரி செய்" என்று மன்றம் கேட்டால் எடுபடாது. நீங்கள் கேட்டிருப்பது தேதி, அது வேறு விஷயம். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் நாள் முடிந்துவிடுகிறது, பாஸாகப் போகிறவனும் பயத்தில் அரியருக்குப் பணம் கட்டுகிறான், அந்தப் பணம் திரும்பி வருவதில்லை என்கிறீர்கள். இதை மூன்று பருவத்துக்கு நோட்டுப் போட்டுக் காட்டுங்கள்: முடிவு வந்த தேதி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, மறுமதிப்பீட்டு முடிவு வந்த தேதி, வீணாகக் கட்டியவர் எத்தனை பேர், எவ்வளவு ரூபாய். இதற்குச் சிண்டிகேட்டின் விதித் திருத்தம்கூடத் தேவைப்படாமல் போகலாம், ஒரு சுற்றறிக்கையில் முடியலாம். நானாக இருந்தால் இதைத்தான் முதல் கோரிக்கையாக வைப்பேன்.

தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு பழைய காயம் நமக்கு இருக்கிறது. 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போனது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவு போட்டது. அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தேர்வு முடிந்தபின் மதிப்பெண்ணாக வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அதிலேயே தெரியும். அதனால் தேர்வுக்கு முன்னால் நடக்க வேண்டியதைக் கேளுங்கள். தமிழ் வடிவத்தை அந்தப் பாடத்தைத் தமிழ் வழியில் நடத்தும் ஓர் ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்று. இரண்டு வடிவமும் முரண்பட்டால், எதைப் படித்து எழுதியிருந்தாலும் திருத்துபவர் ஏற்க வேண்டும் என்று எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் வேண்டும் என்பது இன்னொன்று. பிழை இருந்த இரண்டு மூன்று வினாத்தாள்களைப் பாடக் குறியீட்டோடு இணைத்துவிடுங்கள். "பல பிழைகள்" என்று எழுதினால் அது புலம்பல் மாதிரிதான் தெரியும்.

பேருந்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பர் 3-ல் கோட்டாறு சவேரியார் திருவிழா என்று மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடும் நாட்களில் தேர்வு இருந்தால் தேர்வுக்கு அந்த விடுமுறை பொருந்தாது. அன்று சாலையும் கூட்டமும் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், அட்டவணை போடுகிற வெளிமாவட்டத்துக்காரருக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. இந்தத் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே பேரூராட்சி எழுதி அனுப்பலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

நீட்டையும் டி.என்.பி.எஸ்.சி.யையும் இதே தீர்மானத்தில் சேர்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் மக்ளே. (வெளியூர்க்காரர்களுக்கு: குமரியில் பிள்ளைகளை இப்படித்தான் கூப்பிடுவோம், ஒருமையில்.) விஷயம் சின்னது என்பதற்காகச் சொல்லவில்லை. 2020-ல் குரூப் 4 முறைகேட்டில் 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டதும், 2024 நீட்டில் 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்ததும் சாதாரணமானவை இல்லை. ஆனால் நம் ஊர் மன்றங்களில் நாலைந்து கட்சிகள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். நீட் என்ற சொல் வந்த நிமிடம் ஒருவர் வெளிநடப்பு செய்வார், இன்னொருவர் கூட்டணித் தலைமையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார். மறுமதிப்பீட்டுத் தேதி என்றால் எந்தக் கட்சிக்காரருக்கும் எதிர்க்கக் காரணம் கிடையாது, அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கும். ஒருமனதாக நிறைவேறியது என்ற வார்த்தைக்கு அலுவலகத்தில் தனி மரியாதை உண்டு. நீட்டுக்கு வேறு மேடை இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள்.

பேரூராட்சி யாரிடமும் கெஞ்சாமல் தானே செய்யக்கூடியதையும் அதே கூட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. தேர்வு மையத்துக்குப் போகும் சாலையில் தேர்வு வாரங்களில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டக் கூடாது, மையத்தில் தண்ணீரும் கழிப்பறையும் சுத்தமாக இருக்க வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க 2000-ஆம் வருட ஒலி மாசு விதியிலேயே இடம் இருக்கிறது. குழாய் ஒலிபெருக்கியை இறக்கச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், கேட்பார்களா என்பது அந்தந்த ஆய்வாளரைப் பொறுத்தது. அப்புறம், நீங்கள் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி பிடித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து போன வருடம் எவ்வளவு போனது என்று கேளுங்கள். அந்தத் தொகையைச் சொல்லி, தேர்வு மாதங்களில் ஊர் நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று மன்றம் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எங்கள் அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டு வந்த மாணவர் என் பணிக்காலம் முழுக்க ஒருவர்கூட இல்லை.

தீர்மான வாசகம் இந்த அளவில் இருந்தால் போதும்: "இப்பேரூராட்சி எல்லையைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் இணைப்பில் கண்ட விவரங்களுடன் அளித்த மனு பரிசீலிக்கப்பட்டது. மறுமதிப்பீட்டு முடிவுகளை அடுத்த தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாக வெளியிடவும், இயலாதபோது அக்கட்டணத்தைத் திருப்பி வழங்கவும் பல்கலைக்கழகப் பதிவாளரையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையும் இம்மன்றம் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. இதனால் பேரூராட்சிக்குச் செலவினம் ஏதுமில்லை." பேருந்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனித்தனித் தீர்மானம் வையுங்கள், அவை போகும் அலுவலகம் வேறு. நகல்களை மாவட்ட ஆட்சியருக்கும் பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் போடச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த மறுநாளே நகல் கையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நிகழ்ச்சிப் பதிவேட்டில் தலைவர் கையெழுத்துப் போட ஒரு வாரம் ஆகும். கிடைத்ததும் தபாலில் விடாமல் நீங்களே இருவர் எடுத்துக்கொண்டு திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் பிரதியில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் விழுந்த பிறகு பஸ் ஏறுங்கள், முத்திரையில் தேதி தெளிவாக விழாவிட்டால் இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்கள்.